இ.சி.என்.எல். அணியில் இல்லாவிட்டால் கல்லூரிக் கால்பந்து கிடையாதா?

டெக்ஸாஸில் டாலஸுக்குப் பக்கத்து ஃப்ரிஸ்கோவிலிருந்து ஒரு அப்பா கேட்டிருக்கிறார். மகள் எட்டாம் வகுப்பு, 2011 அக்டோபரில் பிறந்தவள். இ.சி.என்.எல். என்பது அமெரிக்காவில் பிள்ளைகளுக்கான மேல்மட்ட கிளப் கால்பந்து லீக், ரீஜனல் லீக் அதற்கு அடுத்த தட்டு. அவள் இப்போதைய கிளப்பில் இ.சி.என்.எல். ரீஜனல் லீக் அணியில் இடது பக்க டிஃபெண்டர், ஏறக்குறைய எல்லா ஆட்டத்திலும் முழு நேரம் ஆடுகிறாள். இன்னொரு கிளப் அவளுக்கு மேல் அணியில், அதாவது இ.சி.என்.எல். அணியிலேயே, இடம் தருகிறேன் என்கிறது. ஆனால் முதல் வருடம் அதிகம் ஆடக் கிடைக்காது என்று அந்த கோச்சே சொல்லிவிட்டார். கட்டணம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, மைதானம் வீட்டிலிருந்து ஐம்பது நிமிடம். மேல் லீக்கில் இல்லாவிட்டால் கல்லூரி கோச்சுகள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்களா, செலவழிக்கும் பணம் ஸ்காலர்ஷிப்பாகத் திரும்பி வருமா, பத்து வயது மகனுக்கும் இதே வழிதானா என்று கேட்கிறார். குடும்பம் இன்னும் எச்-1பி விசாவில், கிரீன் கார்டு வரிசையில் இருக்கிறது.

இதில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. எந்த லீக்கில் ஆடினால் கல்லூரிக்காரர்கள் கண்ணில் படலாம் என்பது ஒன்று. இந்தப் பணத்தை முதலீடாக நினைக்கலாமா என்பது மற்றொன்று. உங்கள் எழுத்தைப் பார்த்தால் இரண்டாவதுதான் உங்களைத் தூங்க விடாமல் செய்கிறது என்று தோன்றுகிறது, அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். நான் பல வருடமாக டாலஸ் வட்டாரத்தில் பெண் பிள்ளைகள் அணிகளுக்கு கோச்சாக இருக்கிறேன், டிவிஷன் ஒன்றுக்கு (கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் மூன்று பிரிவுகளில் மேல் பிரிவு) போனவர்களையும் பார்த்திருக்கிறேன், பதினொன்றாம் வகுப்பில் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு நிம்மதியாக மருத்துவம் படிக்கப் போனவர்களையும் பார்த்திருக்கிறேன். பெண்கள் பக்கம் எனக்கு நன்றாகத் தெரியும். ஆண்கள் பக்கம் சக கோச்சுகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான் அதிகம்.

பணக் கணக்கு இது. இங்கே மேல் லீக் அணியில் ஆடும் ஒரு பிள்ளைக்கு கிளப் கட்டணம், சீருடை, விமானம், ஹோட்டல் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு எட்டாயிரத்திலிருந்து பன்னிரண்டாயிரம் டாலர் வரை போவதை நான் பார்க்கிறேன். ஹைஸ்கூல் முடியும்வரை நான்கு வருடம் என்றால் நாற்பதாயிரத்தை ஒட்டி வரும். ஆஸ்டினில் யூ.டி. (டெக்ஸாஸ் பல்கலைக்கழகம்) மாதிரி ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் டெக்ஸாஸ்வாசிக்கான ட்யூஷன் கட்டணத்தில் மூன்று வருடத்துக்கு மேல் இந்தப் பணத்திலேயே கட்டிவிடலாம். திரும்பி வருவதைப் பாருங்கள். சமீபம் வரை டிவிஷன் ஒன்று பெண்கள் அணி ஒன்றுக்கு மொத்தம் 14 ஸ்காலர்ஷிப், ஆண்கள் அணிக்கு 9.9. அந்தப் பதினாலை கோச் இருபத்தைந்து முப்பது பேருக்குப் பிரித்துக் கொடுப்பார். ஒருத்திக்கு எண்பது சதவீதம், இன்னொருத்திக்கு இருபது, வேறொருத்திக்குப் புத்தகச் செலவு மட்டும். "முழு ஸ்காலர்ஷிப்" என்று பார்ட்டிகளில் காதில் விழுவதில் பெரும்பகுதி இந்தப் பாதியும் காலும்தான். 2025 ஜூனில், கல்லூரி விளையாட்டு வீரர்களுக்குப் பணம் தருவது பற்றிய ஹவுஸ் வழக்கின் சமரசத்தை நீதிமன்றம் ஏற்ற பிறகு, அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு ஸ்காலர்ஷிப் எண்ணிக்கை வரம்பு போய், அதற்குப் பதிலாக அணியில் 28 பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்ற வரம்பு வந்தது. காகிதத்தில் 28 பேருக்கும் முழுப் பணம் கொடுக்கலாம். ஆனால் அதே சமரசப்படி ஒரு கல்லூரி தன் விளையாட்டு வீரர்களோடு முதல் வருடமான 2025-26 இல் 20.5 மில்லியன் டாலர் வரை வருமானத்தைப் பகிர்ந்துகொள்ளலாம் என்றும் ஆகிவிட்டது, அந்தப் பணத்தில் பெரும்பங்கு அமெரிக்கன் ஃபுட்பாலுக்கும் கூடைப்பந்துக்கும் போகிறது. கால்பந்துக்குக் கூடுதலாக ஒதுக்கும் கல்லூரிகள் கொஞ்சம்தான் இருக்கும் என்பது என் கணிப்பு. கணிப்பு என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே ஸ்காலர்ஷிப்புக்காக இந்தச் செலவு என்ற எண்ணத்தை இன்றே விட்டுவிடுங்கள். பிள்ளை ஆசைப்படுகிறாள், உங்கள் வீட்டு வரவுசெலவு தாங்கும் என்றால் செலவழியுங்கள். கடன் அட்டையில் ஏற்றித்தான் கட்ட வேண்டும் என்றால் வேண்டாம். அவளுடைய கல்லூரிச் சேமிப்பிலிருந்து எடுத்துக் கட்டலாமா என்று யோசித்தால் அது இன்னும் வேண்டாம். இந்த ஒரு விஷயத்தில் எனக்குத் தயக்கமே இல்லை.

சரி, லீக் விஷயத்துக்கு வருவோம். புதிதாக வருகிற பெற்றோருக்கு இந்த எழுத்துக் கூட்டங்களைப் பார்த்தாலே தலை சுற்றும், அதற்குக் காரணமும் உண்டு. இ.சி.என்.எல். 2009 இல் பெண்களுக்காகத் தொடங்கியது, 2017 இல்தான் ஆண்களுக்கும் வந்தது. அமெரிக்கக் கால்பந்து சங்கம் தானே நடத்திய டெவலப்மென்ட் அகாடமி 2007 இல் ஆண்களுக்கு ஆரம்பித்து, 2017 இல் பெண்களுக்கும் வந்து, 2020 ஏப்ரலில் கொரோனா காலத்தில் ஒரேயடியாக மூடப்பட்டது. அது விட்ட இடத்தை ஆண்கள் பக்கம் எம்.எல்.எஸ். நெக்ஸ்ட் என்ற லீக் பிடித்தது, பெண்கள் பக்கம் கேர்ள்ஸ் அகாடமி என்ற லீக் வந்தது. ஒவ்வொன்றுக்கும் கீழே இரண்டாம் தட்டு, மூன்றாம் தட்டு. இவை ஒரே ஏணியின் படிகள் கிடையாது, போட்டி போடுகிற தனித்தனி அமைப்புகள். அதனால்தான் ஒவ்வொரு கிளப்பும் தன் லீக்தான் உச்சம் என்று சொல்கிறது. பெண்களுக்கு இன்றைய நிலையில் இ.சி.என்.எல். முதலிடம், கேர்ள்ஸ் அகாடமி அதற்கு அருகில். இதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. டாலஸ் பக்கம் சோலார், ஸ்டிங், எஃப்.சி. டாலஸ் என்று இ.சி.என்.எல். கிளப்புகளே நெருக்கமாக இருப்பதால், இங்கே அந்த லீக்கில் சாதாரண சனிக்கிழமை ஆட்டமே மற்ற மாநிலங்களில் இறுதிப்போட்டி மாதிரி இருக்கும்.

உயர்ந்த லீக் உண்மையில் தருவது இரண்டு. வாராவாரம் கடினமான எதிரணி ஒன்று. ஷோகேஸ் இன்னொன்று. ஃபீனிக்ஸ், ஃப்ளோரிடா, வட கரோலினா என்று ஒரே இடத்தில் பத்துப் பன்னிரண்டு மைதானங்களில் நாள் முழுக்க ஆட்டம் நடக்கும், கல்லூரி கோச்சுகள் கூட்டமாக வருவார்கள். அங்கே என்ன நடக்கிறது என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். கோச் மடக்கு நாற்காலியைத் தோளில் மாட்டிக்கொண்டு வருவார், பெற்றோர் உட்காரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் போய் உட்காருவார். கையில் ஏற்கனவே ஒரு பட்டியல் இருக்கும். மைதானம் ஏழு, காலை ஒன்பதரை, சிவப்புச் சட்டை, எண் 14. அவர் அந்த 14 ஆம் எண்ணைத்தான் பார்க்க வந்திருக்கிறார். இருபது நிமிடம் பார்த்துவிட்டு எழுந்து அடுத்த மைதானத்துக்குப் போய்விடுவார். யாரையும் தேடாமல் சும்மா சுற்றி வந்து புதிதாக ஒருத்தியைக் கண்டெடுப்பது நடக்காமல் இல்லை, ஆனால் குறைவு. பட்டியலில் பெயர் ஏறுவது ஷோகேஸுக்கு முன்பே, பெண் அனுப்பிய மின்னஞ்சலாலும் அவளுடைய கிளப் கோச் ஃபோனில் சொன்ன ஒரு வார்த்தையாலும் நடந்துவிடுகிறது.

அந்த இருபது நிமிடத்தில் அவர் எதைப் பார்க்கிறார் தெரியுமா? ஒருமுறை என் அணியில் ஆடிய ஒரு இடது பக்க டிஃபெண்டரைப் பார்க்க ஒரு டிவிஷன் இரண்டு கோச் வந்திருந்தார். அந்தப் பெண் நடுமைதானத்தைத் தாண்டி ஏறிப் போய்ப் பந்தைப் பறிகொடுத்தாள். தலையைத் தொங்கப் போடவில்லை, நடுவரைப் பார்க்கவில்லை, திரும்பி ஓடி வந்து பெனால்டி பாக்ஸ் ஓரத்தில், பந்தைப் பறித்த அதே விங்கரை (ஓரமாக ஏறி வரும் எதிரணி ஆட்டக்காரியை) மடக்கிப் பந்தை வெளியே தட்டினாள். அதற்கு முன்னால் அவள் போட்ட இரண்டு அழகான கிராஸ்களைப் பற்றி அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை, இந்த ஓட்டத்தைப் பற்றித்தான் பேசினார். இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கல்லூரிப் பருவம் ஆகஸ்டில் தொடங்கி நவம்பருக்குள் பெரும்பாலான அணிகளுக்கு முடிந்துவிடும், வாரத்துக்கு இரண்டு ஆட்டம் என்று ஓடும். மாற்று ஆட்டக்காரர் விதிகளும் தாராளம், வெளியே வந்தவள் மறுபடியும் உள்ளே போகலாம். அதனால் ஆட்டம் வேகமாக, உடல்பலத்தோடு, விடாமல் நெருக்குகிற மாதிரி இருக்கும். பந்தை இழந்த அடுத்த ஐந்து நொடியில் என்ன செய்கிறாள் என்பது அவர்களுக்கு முக்கியம். மாற்றி வெளியே எடுத்தால் பெஞ்சில் எப்படி உட்காருகிறாள், ஆட்டம் முடிந்ததும் பையைத் தானே தூக்குகிறாளா, அம்மாவிடம் எப்படிப் பேசுகிறாள் என்பதெல்லாமும்தான். ஓரத்தில் நின்று கத்துகிற அப்பாக்களையும் அவர்கள் குறித்துக்கொள்கிறார்கள், தயவுசெய்து இதை மறக்காதீர்கள்.

இப்போது உங்கள் முடிவுக்கு இது எப்படிப் பொருந்துகிறது என்று பாருங்கள். மேல் அணியின் பெஞ்சில் இருக்கும் பெண்ணை யாரும் பார்க்க முடியாது. பதினான்கு வயதில் ஆட்டம் வளர்வது ஆடும் நிமிடங்களில்தான், அதிலும் டிஃபெண்டருக்கு இது இன்னும் அதிகம், ஏனென்றால் எப்போது ஏறுவது, எப்போது பின்னால் நிற்பது என்ற கணிப்பு பயிற்சியில் வராது. அதே சமயம், பலவீனமான அணியில் முழு நேரம் ஆடி, எதிரில் வருகிற விங்கர்கள் எல்லாரையும் சுலபமாக மடக்கிக்கொண்டே இருந்தால் அதுவும் தேக்கம்தான். நான் பெற்றோரிடம் சொல்லும் அளவுகோல் இதுதான்: பயிற்சியில் அணியின் நடுத்தரத்துக்கு மேலே இருக்க வேண்டும், ஆட்டத்தில் பாதிக்கு மேல் களத்தில் இருக்க வேண்டும், மாதத்தில் ஓரிரு ஆட்டமாவது அவளைத் திணற வைக்க வேண்டும். இப்போதைய அணியில் கடைசி விஷயம் இல்லை என்றால் மாறுவதைப் பற்றி யோசியுங்கள். இருக்கிறது என்றால் ஒரு வருடம் பொறுங்கள்.

பொறுக்கச் சொல்வதற்கு உங்கள் மகள் விஷயத்தில் தனியாக ஒரு காரணம் இருக்கிறது, நீங்கள் அவள் பிறந்த மாதத்தைக் குறிப்பிட்டது நல்லதாகப் போயிற்று. இதுவரை வயதுப் பிரிவு ஜனவரி முதல் டிசம்பர் வரை என்று இருந்தது. அதனால் 2011 அக்டோபரில் பிறந்த எட்டாம் வகுப்புப் பெண், அதே வருடம் முன்பாதியில் பிறந்த ஒன்பதாம் வகுப்புப் பெண்களோடு ஆடுகிறாள். அவர்கள் ஹைஸ்கூல் அணிக்குப் போகும் ஜனவரி முதலான மாதங்களில் இவளுக்கு அணியே இருக்காது, பின்னால் கல்லூரித் தேர்விலும் அவர்கள் ஒரு வருடம் முன்னே போய்விடுவார்கள். 2026-27 பருவத்திலிருந்து பிரிவு ஆகஸ்ட் 1 முதல் ஜூலை 31 வரை என்று மாறுகிறது. அதாவது உங்கள் மகள் இனி தன் வகுப்புப் பிள்ளைகளோடு ஆடுவாள், அவர்களில் வயதில் மூத்தவர்களில் ஒருத்தியாக. இப்போது அவளை பெஞ்ச் என்று சொன்ன கோச் எந்த வயதுப் பிரிவை மனதில் வைத்துச் சொன்னார் என்று முதலில் கேளுங்கள். புதிய பிரிவில் அவளுடைய இடம் வேறாக இருக்கலாம். இந்த மாற்றத்தால் இந்த முறை ட்ரையவுட்டில், அதாவது அணித் தேர்வில், எல்லா அணிகளும் கலைந்து சேரும், ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை பிறந்தவர்களுக்கு இது நல்ல காலம்.

கால அட்டவணையும் நீங்கள் பயப்படுகிற அளவுக்கு நெருக்கடி இல்லை. முன்பெல்லாம் எட்டாம், ஒன்பதாம் வகுப்பிலேயே கல்லூரிக்கு வாய்மொழியாக வாக்குக் கொடுத்த பெண்கள் உண்டு. 2019 இல் விதி மாறியது. டிவிஷன் ஒன்று கோச் ஒருவர் பத்தாம் வகுப்பு முடிந்த பின் வரும் ஜூன் 15 வரை அவளுடன் ஆள்சேர்ப்புப் பேச்சு எதையும் நடத்தக் கூடாது. கல்லூரி செலவில் அழைத்துப் போகும் அதிகாரபூர்வ விசிட், பதினொன்றாம் வகுப்புக்கு முந்தைய ஆகஸ்ட் 1 இலிருந்து. உங்கள் மகளுக்கு அந்த நாள் 2028 ஜூன் 15. இன்னும் இரண்டு வருடத்துக்கு மேல் இருக்கிறது. அதுவரை அவள் எழுதலாம், கேம்ப் விளம்பரம் மாதிரி பொதுக் கடிதங்களைத் தவிர அவர்களால் பதில் எழுத முடியாது, அவ்வளவுதான். பதில் வரவில்லை என்று பத்தாம் வகுப்புக்கு முன்பே மனம் உடைந்துபோகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், பெற்றோர் இதை முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

மின்னஞ்சலை அவளே எழுத வேண்டும். நீங்கள் எழுதினால் இரண்டு வரியிலேயே தெரிந்துவிடும். தலைப்பு வரியில் பட்டம் பெறும் வருடம் 2030, இடம், கிளப், மதிப்பெண் சராசரி. உள்ளே ஐந்தாறு வரி போதும்: அந்தக் கல்லூரி ஏன், அவர்கள் அணி ஆடிய ஏதாவது ஒரு ஆட்டத்தை உண்மையாகவே பார்த்து அதில் கவனித்தது என்ன, வரப்போகும் ஆட்டங்கள் எந்த மைதானத்தில் எத்தனை மணிக்கு, சட்டை எண் என்ன, வீடியோ இணைப்பு. வீடியோ நான்கு நிமிடத்தைத் தாண்ட வேண்டாம், முதல் அரை நிமிடத்திலேயே நல்லதைக் காட்டுங்கள், பந்து வருவதற்கு முன் அவள் எங்கே நிற்கிறாள் என்று ஒரு வட்டம் போட்டுக் காட்டுங்கள், பாட்டு வேண்டாம். டிஃபெண்டர் என்றால் சறுக்கி விழுந்து பறிக்கும் காட்சிகளை மட்டும் ஒட்டி வைக்காமல், நெருக்கடியில் பந்தை வாங்கி முன்னால் பாஸ் கொடுப்பதையும் போடுங்கள். கேட்டால் அனுப்ப ஒரு முழு ஆட்டமும் கைவசம் இருக்கட்டும். இதற்கெல்லாம் சில ஆயிரம் டாலர் கேட்கும் ஆள்சேர்ப்பு ஏஜென்சிகள் இருக்கின்றன. அவர்கள் செய்வதை ஒரு பெண்ணும் அவளுடைய கிளப் கோச்சும் ஞாயிற்றுக்கிழமை மாலையில் செய்துவிடலாம்.

ஒன்பதாம் வகுப்பிலிருந்து உங்கள் இன்பாக்ஸ் "உங்கள் மகள் எங்கள் கவனத்துக்கு வந்தாள்" என்ற கடிதங்களால் நிரம்பும். பெரும்பாலும் அவை ஐ.டி. கேம்ப் (கல்லூரி கோச்சுகள் கட்டணம் வாங்கி, பிள்ளைகளின் ஆட்டத்தைப் பார்க்கும் முகாம்) விளம்பரங்கள். கேம்ப் கட்டணம் பல இடங்களில் உதவி கோச்சுகளின் வருமானத்தில் ஒரு பகுதி, அதில் தப்பில்லை, ஆனால் அழைப்பு வந்ததையே ஆர்வத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கடிதத்தில் அவள் சட்டை எண்ணோ, குறிப்பிட்ட ஆட்டமோ இருக்கிறதா, கிளப் கோச்சுக்கு அவர்கள் தனியாக ஃபோன் செய்தார்களா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளலாம். பத்தாம் வகுப்பு கோடையில், அவள் உண்மையாகவே படிக்க விரும்புகிற இரண்டு மூன்று கல்லூரிகளின் கேம்புக்குப் போனால் போதும்.

நம் வீடுகளில் அதிகம் பேசப்படாத ஒரு பக்கம் டிவிஷன் மூன்று. விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடையாது என்றதும் பலர் அங்கேயே கேட்பதை நிறுத்திவிடுகிறார்கள். எம்.ஐ.டி., சிகாகோ பல்கலைக்கழகம், கார்னகி மெலன், ஜான்ஸ் ஹாப்கின்ஸ், எமரி, டஃப்ட்ஸ் எல்லாம் கால்பந்தில் டிவிஷன் மூன்றுதான். ஆட்டம் மட்டமாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள், டஃப்ட்ஸ் ஆண்கள் அணி 2014 க்கும் 2019 க்கும் இடையில் நான்கு முறை தேசிய சாம்பியன். 2022 இல் சிகாகோ ஆண்கள் அணி கோப்பையை வென்றபோது அதன் கோச் ஜூலியன் சிட்ச் என்ற பெண். ஆண்கள் அணியை என்.சி.ஏ.ஏ. பட்டத்துக்குக் கொண்டுபோன முதல் பெண் கோச் அவர். இந்தக் கல்லூரிகளிலும், ஸ்காலர்ஷிப் தராத ஐவி லீகிலும், கோச் தர முடிந்தது வேறு. பதினொன்றாம் வகுப்பு முடிந்த கோடையில் அவள் மதிப்பெண்களை அட்மிஷன் அலுவலகத்துக்கு முன்கூட்டியே அனுப்பி, வாய்ப்பு எப்படி என்று கேட்டுச் சொல்ல முடியும், தன் பட்டியலில் இருப்பவர்களுக்கு ஆதரவு தெரிவிக்க முடியும். அந்த ஆதரவின் எடை கல்லூரிக்குக் கல்லூரி மாறும், எம்.ஐ.டி. மாதிரி இடத்தில் குறைவு, சில சிறு கல்லூரிகளில் கணிசம். நன்றாகப் படிக்கிற, ரீஜனல் லீக்கில் உறுதியாக ஆடுகிற ஒரு பெண்ணுக்கு என் கண்ணுக்குத் தெரிகிற மிக நல்ல வழி இதுதான். இந்தக் கல்லூரிகளின் கோச்சுகள் லீக் பெயரைவிட மார்க் ஷீட்டை முதலில் கேட்பார்கள். டிவிஷன் ஒன்று என்றாலும் 16 கோர் பாடங்கள் (ஆங்கிலம், கணிதம், அறிவியல் போன்ற அடிப்படைப் பாடங்கள்), அவற்றில் நாலுக்கு 2.3 சராசரி என்று குறைந்தபட்ச விதி இருக்கிறது, அதில் பத்துப் பாடங்கள் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும் முன் முடிந்திருக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்புப் பாடத் தேர்வின்போதே கவுன்சிலரிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

ஆனால் இங்கே விசா குறுக்கே வருகிறது. விளையாட்டு ஸ்காலர்ஷிப்புக்குக் குடியுரிமை தடையில்லை. வருமானத்தைப் பார்த்துத் தரும் உதவிக்கு நிலைமை வேறு. கூட்டரசின் உதவி, எச்-1பிகாரர்களின் குடும்பத்துக்கான எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கிடையாது, பல தனியார் கல்லூரிகள் அவர்களை வெளிநாட்டு மாணவர் கணக்கில் வைத்துத்தான் பார்க்கும். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி. போன்ற சில இடங்களில்தான் வெளிநாட்டு மாணவருக்கும் பணத் தேவையைப் பார்க்காமலே இடம் கொடுத்து, தேவை முழுவதையும் ஈடுகட்டுகிறார்கள். மகளுக்கு 2032 அக்டோபரில் 21 ஆகிவிடும், கல்லூரி நடுவிலேயே எச்-4 முடியும், அதற்குள் கிரீன் கார்டு வராவிட்டால் மாணவர் விசாவுக்கு மாற வேண்டியிருக்கும். விளம்பர ஒப்பந்தம், வருமானப் பங்கு போன்றவற்றை விசாவில் இருப்பவர் கையால் தொடும் முன் ஒரு குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்டே ஆக வேண்டும். நான் கோச், வழக்கறிஞர் இல்லை, இதற்கு மேல் என் பேச்சை நம்பி எதுவும் செய்யாதீர்கள்.

எனக்கு நிச்சயமாகத் தெரியாத இடம் 2030 இன் நிலைமை. 28 பேர் வரம்பு என்றால் ஒரு வகுப்புக்கு ஏழு இடம். அந்த ஏழிலும் சில, வேறு கல்லூரியிலிருந்து மாறி வரும் இருபது வயதுப் பெண்களுக்குப் போகும், ஏனென்றால் 2024 முதல் படிப்பில் தகுதி இருந்தால் எத்தனை முறை மாறினாலும் உடனே ஆடலாம். டிவிஷன் ஒன்றில் பெண்கள் அணிகள் ஏறக்குறைய 350, நாட்டில் ஹைஸ்கூலில் ஆடும் பெண்கள் மூன்றரை லட்சத்துக்கு மேல். டிவிஷன் ஒன்று கோச்சுகள் பதினெட்டு வயதுப் பெண்களை எடுப்பது குறையும், அவர்கள் இரண்டாம், மூன்றாம் டிவிஷனில் ஆரம்பித்து மேலே மாறுவது கூடும் என்று பல கோச்சுகள் நினைக்கிறார்கள், நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் விதிகள் வருடத்துக்கு வருடம் மாறுகிற காலம் இது. 2030 இல் இப்படித்தான் இருக்கும் என்று யாராவது உறுதி கொடுத்து அதற்குப் பணமும் கேட்டால், எழுந்து வந்துவிடுங்கள்.

மகன் விஷயம் வேறு உலகம். டிவிஷன் ஒன்றில் ஆண்கள் அணிகள் இருநூற்றுச் சொச்சம்தான். 1972 இன் டைட்டில் நைன் சட்டம் ஆண்களுக்கும் பெண்களுக்கும் வாய்ப்பைச் சமன் செய்யச் சொல்கிறது. அமெரிக்கன் ஃபுட்பால் அணி ஒன்றே நூற்றுக்கு மேற்பட்ட ஆண்களை எடுத்துக்கொள்வதால், அதைச் சமன் செய்யப் பெண்கள் கால்பந்து வைக்கும் பல பெரிய கல்லூரிகளில் ஆண்கள் கால்பந்து அணியே இருக்காது. ஆஸ்டின் யூ.டி.யில் இல்லை. ஃப்ளோரிடா ஸ்டேட் பெண்கள் அணி 2021, 2023 இல் தேசிய சாம்பியன், அங்கேயும் ஆண்கள் அணி கிடையாது. டாலஸில் எஸ்.எம்.யூ. பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. இருக்கும் இடங்களிலும் ஐரோப்பாவிலிருந்தும் தென் அமெரிக்காவிலிருந்தும் இருபது, இருபத்தொரு வயதில் வரும் ஆட்டக்காரர்களோடு அவன் போட்டியிட வேண்டும். பத்து வயதில் அவனுக்கு லீக் பற்றிய கவலையே வேண்டாம். பந்து காலில் அதிக நேரம் இருக்கும் பயிற்சி, பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சிரிக்கும் கோச், வீட்டிலிருந்து பதினைந்து நிமிடத்தில் மைதானம், அவ்வளவு போதும்.

மகளிடம் திரும்புகிறேன். பதின்ம வயதுப் பெண்களுக்கு முழங்காலில் ஏ.சி.எல். தசைநார் கிழிவது ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். கிழிந்தால் ஒன்பது மாதம், ஒரு வருடம் என்று போய்விடும். ஃபிஃபா 11+ என்று இருபது நிமிட வார்ம்-அப் ஒன்று இருக்கிறது. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை ஒழுங்காகச் செய்தால் காயங்கள் குறைவது ஆய்வுகளில் நன்றாக நிரூபணமான விஷயம். எந்த கிளப்பில் சேர்த்தாலும் இதைச் செய்கிறார்களா என்று பார்த்துவிட்டுச் சேருங்கள். லோகோ எதுவாக இருந்தாலும் முழங்கால் ஒன்றுதான்.

ட்ரையவுட்டுக்கு முன் அந்தப் புதிய கோச்சிடம் பத்து நிமிடம் கேளுங்கள், மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு. புதிய வயதுப் பிரிவில் இடது பக்க டிஃபெண்டர்கள் அணியில் எத்தனை பேர், போன வருடம் பெஞ்சில் ஆரம்பித்தவர்களில் யார் இப்போது முதல் பதினொன்றில் இருக்கிறார்கள், கடந்த மூன்று வருடத்தில் இந்த அணியிலிருந்து எந்தெந்தக் கல்லூரிக்குப் போனார்கள், டிவிஷன் ஒன்று மட்டும் இல்லை, முழுப் பட்டியலும். ஆடக் கிடைக்காத வார இறுதிகளில் அவள் ரீஜனல் லீக் அணியோடு ஆடலாமா, அதற்கு லீக் விதி இடம் கொடுக்கிறதா. பயணச் செலவு உட்பட போன வருடம் ஒரு குடும்பம் மொத்தமாக எவ்வளவு கட்டியது. நல்ல கோச் இவற்றுக்கு யோசிக்காமல் பதில் சொல்வார். இதே கேள்விகளை இப்போதைய கோச்சிடமும் கேளுங்கள், அவளை மேல் அணிக்கு ஏற்றும் எண்ணம் அவருக்கு இருக்கிறதா என்பதையும் சேர்த்து. அப்புறம் காரில் திரும்பும்போது அவளிடம் எதுவும் சொல்லாமல், எந்த அணியோடு செவ்வாய்க்கிழமை பயிற்சிக்குப் போக அவளுக்கு ஆசையாக இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். இரண்டு கோச்சுகளின் பதிலும் ஏறக்குறைய சமமாக இருந்தால் அவள் சொல்வதையே செய்யுங்கள். என்ன பதில் வந்தது என்று இங்கே எழுதினால், அதை வைத்து மேலே பேசலாம்.